தளம் இல்லாமலும் பௌலிங் தொடங்கலாம்

அக்கா, ஓட்டம், வலைப்பந்து என்றால் ஒதுங்கிநிற்கும் உங்கள் 10 வயது மகள், ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளைப் போலத் தானும் பௌலிங் (பந்தை உருட்டி, நிறுத்திவைத்த கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) லீக்கில் விளையாட ஆசைப்படுகிறாள், யாழ்ப்பாணத்தில் எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆசையைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். வேகமாக ஓட முடியாத பிள்ளையும் அணியில் சமமாக நிற்கக்கூடிய விளையாட்டு இது.

கனடாவில் 1909இல் தொமஸ் ரயன் உருவாக்கிய ஐந்து ‘பின்’ (சாய்க்க வேண்டிய கட்டை) முறையைப் பாருங்கள். விரல் துளை இல்லாத சிறிய பந்து, சின்னக் கைக்கு ஏற்றது. நடுப் பின்னுக்கு 5, அதன் இருபுறமும் 3, ஓரங்களுக்கு 2. ஒரு முறைக்கு மூன்று பந்து. புள்ளிகளைப் பிள்ளைகளே கூட்டி எழுதட்டும், கணக்கும் ஓடும்.

உங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் கேளுங்கள். பின்களுக்குப் பதிலாக அடியில் மணல் போட்ட தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு ரப்பர் பந்து, சரி, தொடங்கலாம்.

ஆனால் வெறுமனே உருட்டவிட்டால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். நிலையான அணிகள், எழுதிவைக்கும் சராசரி, ஹன்டிகப் (சராசரி குறைந்தவருக்குக் கூட்டிக் கொடுக்கும் சலுகைப் புள்ளி) மூன்றும் வேண்டும். உதாரணமாக 100ஐ அடிப்படையாக வைத்து, சராசரி 60 உள்ள பிள்ளைக்கு வித்தியாசத்தில் 80 வீதம், அதாவது 32 புள்ளி கூட்டிக் கொடுங்கள். அப்போது புதிதாக வந்தவளும் வெல்லலாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், ரியூசன் இல்லாத நேரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அணி சேராது.