கொவால்ஸ்கியும் கொவால்ஸ்காவும் ஒரே குடும்பம்தான்

போலந்தில் உங்கள் வீட்டு ஓனர் கொவால்ஸ்கி, அவர் மனைவி கொவால்ஸ்கா, தபால் பெட்டியில் கொவால்ஸ்த்ஸி, வாடகை ஒப்பந்தத்தில் கொவால்ஸ்கிம். இதில் எது சரியான பெயர் என்று கேட்டிருந்தீர்கள். நான்கும் ஒரே பெயர்தான். போலிஷ் குடும்பப் பெயர் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும். தமிழ் பேசுகிற நமக்கு இது சுலபமாகவே பிடிபடும்.

ஸ்கி, த்ஸ்கி என்று முடிபவை பெயரடைகள். ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்கா, குடும்பத்துக்கு ஸ்த்ஸி. முதலில் இவை பெரும்பாலும் நிலவுடைமைப் பிரபுக்களின் ஊர்ப் பெயர்கள்: தார்னூவ் ஊர்க்காரர் தார்னொவ்ஸ்கி. பிறகு நகரத்தாரும் குடியானவர்களும் அதே விகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் ஸ்கி என்றாலே பிரபு வம்சம் என்று நினைக்க வேண்டாம். கொவால்ஸ்கிக்குள் இருக்கும் கொவால் என்பது கொல்லர். கொவால்சிக் என்றால் கொல்லரின் மகன் அல்லது கொல்லரிடம் தொழில் பழகியவர். ஆதமொவிச் என்பது ஆதாமின் மகன். வ்ரூபெல் சிட்டுக்குருவி. நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் நொவாக், ஊருக்குப் புதிதாக வந்தவர். உங்களுக்கும் எனக்கும் பொருந்துகிற பெயர் அதுதான்!

தடுமாற்றம் வருவது வேற்றுமையில். முருகனை, முருகனுக்கு என்று நாம் சொல்வதுபோல அவர்கள் கொவால்ஸ்கியெகோ, கொவால்ஸ்கியெமு என்பார்கள். ஒப்பந்தத்தின் முதல் வரியில் ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே’ என்று வருவதால் ஓனர் பெயர் தொமாஷெம் கொவால்ஸ்கிம் என்று நிற்கும். அதை அப்படியே வங்கிப் பரிமாற்றத்தில் எழுதிவிடாதீர்கள். பெறுநர் தொமாஷ் கொவால்ஸ்கி. சில பெயர்களில் நடு உயிரெழுத்தும் விழுந்துவிடும்: கடிதத்தில் வ்ரூப்லா என்றிருந்தால் அந்த மனிதர் வ்ரூபெல். சந்தேகம் வந்தால் கையெழுத்துக்குக் கீழே அச்சிட்ட பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே எழுவாய் வடிவம்தான் இருக்கும்.

உங்கள் பெயரும் இதற்குத் தப்பாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் முருகன் என்று அப்பா பெயர் இருந்தால், படிவத்தில் ‘நஸ்விஸ்கோ’ (குடும்பப் பெயர்) என்ற கட்டத்தில் அதையே, ஒரு எழுத்தும் மாறாமல், எழுதுங்கள். ‘இமியெ’ என்பது உங்கள் சொந்தப் பெயர். பிறகு கடிதம் முருகனா, முருகனொவி என்று வந்தால் எழுத்துப்பிழை என்று திருத்தக் கேட்க வேண்டாம், அது இலக்கணம். உங்கள் மனைவியின் நஸ்விஸ்கோவும் முருகன் என்றால் அவருக்கு அது மாறாது: மெய்யெழுத்தில் முடியும் பெயர் பெண்ணுக்கு எல்லா வேற்றுமையிலும் அப்படியே நிற்கும். திருமதி நொவாக்கும் எங்கும் நொவாக்தான்.

நேரில் அழைக்கும்போது மட்டும் குடும்பப் பெயரை விட்டுவிடுங்கள். ‘பானியெ கொவால்ஸ்கி’ (திரு. கொவால்ஸ்கி அவர்களே) என்றால் அதட்டுவதுபோலக் கேட்கும். ஓரளவு பழகியபின் ‘பானியெ தொமாஷு’, மனைவி அன்னா என்றால் ‘பானி அன்னோ’. முருகன் முருகா ஆவதுபோல, அதுவும் விளி வேற்றுமைதான்.