கோடைக்கு ஒரு ஜின் டானிக்: கேள்வி பதில்

பதினைந்து வருஷமாக பாரில் நின்று கலந்து கொடுப்பது என் வேலை. ஜின் என்ற மதுவும், கசப்பும் இனிப்பும் கலந்த கேஸ் பானமான டானிக் தண்ணீரும் சேர்ந்ததுதான் ஜின் டானிக். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். வண்டி ஓட்டப் போகிறவர்கள் கிளாஸைத் தொட வேண்டாம். இதை இன்னொரு முறையும் சொல்வேன்.

வீட்டில் கலந்தால் சப்பென்று இருக்கிறது. பாரில் கிடைக்கும் ருசி வரவில்லையே, ஏன் அண்ணா?

தம்பி, டானிக் பாட்டில் எங்கே இருந்தது? அலமாரியில் என்றால் காரணம் அதுதான். 30 டிகிரியில் இருக்கும் 150 மில்லி டானிக்கை 5 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 45 கிராம் ஐஸ் உருக வேண்டும். அவ்வளவு தண்ணீரும் உங்கள் கிளாஸில்தான் சேர்கிறது. சூடான பானத்தில் கேஸும் நிற்காது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று போய்விடும். அதனால் டானிக்கை முந்தின நாளே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஜின்னை ஃப்ரீஸரில் வைக்கலாம், உறையாது.

உயரமான கிளாஸில் விளிம்பு வரை ஐஸ் போடுங்கள். இரண்டு கட்டி போட்டால் சீக்கிரம் உருகி நீர்த்துவிடும், நிறையப் போட்டால் நின்று உருகும். அதன்மேல் 60 மில்லி ஜின், பிறகு 150 மில்லி டானிக். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் போதும். கலக்கு கலக்கென்று கலக்கினால் கேஸ் போய்விடும். ஜின்னைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், அளவு மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையா, லெமனா?

நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை, வெளிநாட்டில் லைம் என்று சொல்லும் வகைக்குத்தான் நெருக்கம். லெமன் பெரிதாக, தடித்த தோலோடு இருக்கும். இரண்டுமே சேரும். நம் பழத்தில் ஒரு கீற்று பிழிந்தால் போதும், அரைப்பழம் பிழிந்தால் ஜூஸ் ஆகிவிடும். எனக்குப் பிடித்தது தோல். கத்தியால் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்து, கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறிப்பது தெரியும். முதல் வாய்க்கு முன்னால் மூக்குக்குப் போகும் வாசனை அதுதான்.

டானிக் கிடைக்கவில்லை. ஸ்ப்ரைட் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அது ஜின் டானிக் ஆகாது. டானிக்கின் கசப்பு, மலேரியா மருந்தான குயினைனால் வருவது. ஜின்னில் இருக்கும் ஜூனிபர் என்ற சின்னப் பழத்தின் வாசனையை நிறுத்திப் பிடிப்பது அந்தக் கசப்புதான்.

சோடாவும் டானிக்கும் ஒன்றுதானே?

இல்லை. சோடாவில் கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை.

வெள்ளைக்காரர்கள் மலேரியாவுக்கு மருந்தாகத்தான் ஜின் டானிக் குடித்தார்கள் என்று தாத்தா சொல்வார். நாங்கள் நீலகிரிக்காரர்கள். சரியா?

உங்கள் ஊரைச் சொன்னதும் உட்கார்ந்து எழுதத் தோன்றுகிறது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தது 1820-இல், பாரிஸில், பெல்லெட்டியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள். தென்னமெரிக்காவிலிருந்து அந்த மரத்தைக் கொண்டுவந்து 1860-களில் உங்கள் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். கசப்பு தெரியாமல் இருக்கக் குயினைனை மதுவில் கலந்து கொடுத்ததும் உண்டு. அதுவரை தாத்தா சொன்னது சரி.

ஆனால் டானிக் தண்ணீரை மருந்தாக நம்ப முடியாது. அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 83 மில்லிகிராம் குயினைனுக்கு மேல் கூடாது. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவோ நாளுக்கு 1800 மில்லிகிராம் வாக்கில். அதாவது தினமும் 21 லிட்டருக்கு மேல் டானிக் குடிக்க வேண்டும்.

(அதே நீலகிரிக்காரர்) இது இன்றைய டானிக் கணக்கு. அந்தக் காலத்து டானிக்கை இதை வைத்து எடைபோடலாமா?

நியாயமான கேள்வி. அளவை விடுங்கள், யார் எங்கே குடித்தார்கள் என்று பாருங்கள். லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் தண்ணீருக்குக் காப்புரிமை வாங்கியது 1858-இல். பத்து வருஷம் கழித்து, 1868-இல், இந்தியாவில் வந்த ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் ‘ஜின் அண்ட் டானிக்’ என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. குதிரைப் பந்தயம் பார்க்க வந்தவர்கள் கேட்டு வாங்கும் பானமாக. வெயிலில் நின்றவர்கள் தாகத்துக்குக் கேட்டார்கள், அவ்வளவுதான். குயினைன் மருந்தும் ஜின் டானிக்கும் ஒரே மரத்தில் பிறந்த இரண்டு கதைகள். தாத்தா இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அப்போ காய்ச்சல் வந்தால் கொஞ்சம் டானிக் குடிக்கலாமா?

வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், இதயத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் வெறும் டானிக் குடிப்பதற்கு முன்னால்கூட டாக்டரைக் கேளுங்கள்.

செவன் அப் ஊற்றினால்?

ஸ்ப்ரைட்டுக்குச் சொன்ன பதில்தான்.

விலை உயர்ந்த ஜின்தான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. லேபிளில் ‘லண்டன் ட்ரை’ (இனிப்பு சேர்க்காத ஜின் வகை) என்று இருக்கிறதா பாருங்கள். கிளாஸில் முக்கால் பங்கு டானிக்தான், மிச்சக் காசை அதில் போடுங்கள். சின்ன பாட்டிலாக வாங்குங்கள்; பெரிய பாட்டிலைத் திறந்து வைத்தால் மறுநாள் கேஸ் இருக்காது.

லிம்கா?

ஸ்ப்ரைட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள், ப்ளீஸ்.

இரண்டு கிளாஸ்தான், பைக்கில் வீட்டுக்குப் போகலாமா?

கூடாது. ஆட்டோ பிடியுங்கள்.

நான் குடிப்பதில்லை. அதே ருசி வேண்டுமென்றால்?

ஜின்னில் ஜூனிபருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் போடுவது நம் கொத்தமல்லி விதை. ஒரு ஸ்பூன் மல்லியையும் ஒரு ஏலக்காயையும் ஒன்றிரண்டாகத் தட்டி, கால் டம்ளர் வெந்நீரில் பத்து நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுங்கள். நன்றாக ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் நிறைத்த கிளாஸில் அதில் 30 மில்லி, மேலே சில்லென்ற டானிக், எலுமிச்சைத் தோல் ஒரு சீவல். என் வீட்டில் மதியத்துக்கு இதுதான்.