அம்புக்குத் தப்பிய செபஸ்தியார்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் சுரூபத்தில் உடம்பெல்லாம் அம்பு. புனித செபஸ்தியார் அம்பு பாய்ந்துதானே இறந்தார், அண்ணா?

பதில்: இல்லை தம்பி. அவருடைய பாடுகளைச் சொல்லும் 5ஆம் நூற்றாண்டு வரலாற்றின்படி, அவர் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படை அதிகாரி. சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்குத் தைரியம் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்ததும் கட்டிவைத்து அம்பு எய்தார்கள். செத்துவிட்டார் என்று போய்விட்டார்கள். அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற விதவை கிட்டே போய்ப் பார்த்தால், மூச்சு இருக்கிறது! வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்து போட்டுத் தேற்றினார். குணமானதும் ஊரைவிட்டுப் போய்விடச் சொன்னார்கள். மனுஷன் கேட்கவில்லை. படிக்கட்டில் போய் நின்று, அந்தப் பக்கம் வந்த பேரரசனை முகத்துக்கு நேரே கண்டித்தார். இந்த முறை தடியால் அடித்தே கொன்று, உடலைச் சாக்கடையில் எறிந்தார்கள். என்னைக் கேட்டால், வரைய வேண்டியது அந்தப் படிக்கட்டைத்தான். ஓவியர்களுக்கு என்னவோ அம்புதான் பிடித்தது.

கேள்வி: இதெல்லாம் நடந்ததா, கதையா?

பதில்: ஐரீன், படிக்கட்டு எல்லாம் அந்தப் பிற்கால வரலாற்றில் வருபவை, கதை கலந்திருக்கும். ஆனால் ஆள் கற்பனை இல்லை. 354ஆம் ஆண்டு உரோமை மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்) பட்டியலில் ஜனவரி 20க்கு நேரே அவர் பெயரும், அடக்கம் செய்யப்பட்ட இடமும் இருக்கின்றன. உரோமையின் ஆப்பியா சாலையில் இன்றும் அவர் பெயரில் பேராலயம் நிற்பது அந்த இடத்தில்தான். அவர் மிலான்காரர் என்று 4ஆம் நூற்றாண்டு மிலான் ஆயர் அம்புரோஸ் சொல்கிறார்.

கேள்வி: கொள்ளைநோய் வந்தால் அவரிடம் வேண்டுவது ஏன்?

பதில்: கொள்ளைநோயைக் கண்ணுக்குத் தெரியாத அம்பு என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். கிரேக்கக் கதையில் அப்பொல்லோ என்ற தெய்வம் அம்பெய்துதான் நோயைப் பரப்பும். அத்தனை அம்பு பட்டும் பிழைத்தவரை விட்டு வேறு யாரிடம் போவார்கள்? 680இல் இத்தாலியின் பவியா நகரில் அவருக்குப் பீடம் எழுப்பிய பிறகு நோய் நின்றது என்று பவுல் என்ற திருத்தொண்டர் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: வேறு யாருக்கெல்லாம் பாதுகாவலர்?

பதில்: படைவீரர், வில்லாளர், விளையாட்டு வீரர்.

கேள்வி: உண்மையிலேயே அவ்வளவு அழகான வாலிபரா?

பதில்: அது மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பார்த்த வேலை. உரோமையில், சங்கிலியில் கட்டுண்ட பேதுரு ஆலயத்தில் 7ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று உண்டு. அதில் அவர் நரைத்த தாடிக்காரர். உடம்பு மூடிய உடை, கையில் மகுடம். ஓர் அம்புகூட இல்லை.