அவள் பொய் சொல்லவில்லை

வணக்கம் ஐயா. என் மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறாள். மலாய்ச் சொற்களை இனம் இனமாகப் பிரித்து, குமிழி வரைபடம் போட்டுப் படிக்கிறாள். மூடிவைத்துக் கேட்டால் பட்டியலில் இல்லாத சொல்லையும் சேர்த்து ஒப்பிக்கிறாள். "இருந்தது, படித்தேன்" என்று சத்தியம் வேறு. படிக்காமலே பொய் சொல்கிறாள் என்று திட்டிவிட்டேன். படிக்கும் முறையை மாற்றலாமா? வல்லாரைக் கீரை கொடுக்கலாமா?
க., செந்தூல்

அன்புள்ள க.,

வல்லாரையைக் கூட்டு வையுங்கள், ருசியாக இருக்கும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நீங்கள் திட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொருள் புரிந்து படிக்கிற பிள்ளைதானம்மா இப்படித் தடுமாறும். உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் 1959இல் கவனித்த விஷயம் இது. 1995இல் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் கல்லூரி மாணவர்களிடம் மறுபடி சோதித்தார்கள். கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு, குறட்டை என்று வாசித்துக்கொண்டே போவார்கள். தூக்கம் என்பதை மட்டும் வாசிக்கமாட்டார்கள். ஒரு சோதனையில் 55 விழுக்காடு தடவை, வாசிக்காத அந்தச் சொல்லையே மாணவர்கள் எழுதினார்கள். காதால் கேட்டது ஞாபகம் இருக்கிறது என்றும் பலர் சொன்னார்கள். அத்தனை பேரும் பொய்யர்களா?

பினாங்கில் அப்பாவை அம்மா சௌரஸ்தா மார்க்கெட்டுக்கு அனுப்புவார்: கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை. அப்பா பட்டையும் வாங்கி வருவார். "நீதானே சொன்னாய்!" என்பார். வீட்டில் பட்டை டப்பா நிரம்பி வழியும். அம்மா ஒரு நாளும் அவரைப் பொய்யன் என்றதில்லை. கஞ்சன் என்று சொல்லியிருக்கிறார், அது வேறு கதை. கட்டின புருஷனுக்குக் கிடைத்த அந்த மரியாதை பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா? முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, படிக்கும் முறை. சொற்களுக்குள் உறவு தேடிப் படித்தால் படித்தது நன்றாக நிற்கும். படிக்காத உறவுக்காரச் சொல்லும் கூடவே வந்து உட்காரும். "கவனமாக இரு" என்று எச்சரித்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கே உரிய அடையாளம் ஒன்று வேண்டும். சொல்லோடு படத்தையும் காட்டியபோது இந்தப் பிழை குறைந்ததை இஸ்ரேல், ஷாக்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். குமிழி வரைபடம் இருக்கட்டும். பக்கத்தில் சொல்லுக்கு ஒரு படம் கிறுக்கச் சொல்லுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் ஒப்பிக்கும்போது "இது பட்டியலில் இருந்ததா?" என்று மிரட்டாதீர்கள். "இதற்கு என்ன படம் போட்டாய்?" என்று கேளுங்கள். படிக்காத சொல்லுக்குப் படம் சொல்ல அவள் பெரும்பாலும் திணறுவாள். அவளே அதை அடித்துவிடுவாள்.