வாசகர் கேள்வி–பதில்: அமாவாசை இரவில் கேமராவோடு

பெங்களூருவில் வானியல் ஆர்வலர் குழுக்களோடு இரவு வானத்தைப் படமெடுக்கச் செல்லும் வாசகர்களும், செல்லத் தயங்கும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதனோடு வந்த 18–55 மி.மீ. லென்சும் உள்ளன. குழுவினருடன் சென்றபோது 30 விநாடி வைத்து எடுத்த படங்களில் விண்மீன்கள் கோடுகோடாக விழுந்துவிட்டன. வானத்தின் நகர்வுக்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வாங்கினால்தான் தீருமா?
(வாசகர், அல்சூர்)

பதில்: டிராக்கர் இப்போதைக்கு வேண்டாம். பூமியின் சுழற்சியால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்ந்துகொண்டிருப்பதால், அசையாத டிரைபாடில் எவ்வளவு நேரம் லென்சைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 500 என்னும் எண்ணை லென்சின் குவியத்தொலைவால் (லென்சின்மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் அந்த எல்லை விநாடிகளில் கிடைக்கும் என்பது ஆர்வலர்கள் கையாளும் கணக்கு. உங்கள் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் சிறியதாக இருக்கும் என்பதால் 18 மி.மீ. என்பதை ஏறக்குறைய 27 மி.மீ. என்று கொண்டு வகுக்க வேண்டும். விடை 18 விநாடி சொச்சம் வரும். 15 விநாடியில் நிறுத்திக்கொள்வது நல்லது.

15 விநாடியில் சேரும் ஒளி போதாதே என்பீர்கள். அதே இடத்தைத் தொடர்ந்து பல படங்களாக எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் அதற்கு வழி. 16 படங்களை அடுக்கினால் தெளிவு நான்கு மடங்காகும்; அதை எட்டு மடங்காக்க 64 படங்கள் வேண்டும். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் ஆகிய மென்பொருள்கள் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கின்றன. புறப்படும் முன் லென்சை மூடி, அதே விநாடிக் கணக்கிலும் அதே ஐஎஸ்ஓவிலும் (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) சில கறுப்புப் படங்களை எடுத்துக்கொண்டால், சென்சாரின் சூட்டில் தோன்றும் பொய்ப் புள்ளிகளைக் கழித்துவிடலாம். தூக்கக் கலக்கத்தில் பெரும்பாலோர் இந்த வேலையை விட்டுவிட்டு வண்டியேறிவிடுகிறார்கள்.

பின்னாளில் டிராக்கர் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். பெங்களூருவில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் உயரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தாலும் நட்சத்திரம் மறைந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளோடு ஒரு குழுவின் இரவுப் பயணத்துக்குச் சென்றேன். எல்லோரும் அவரவர் கருவியைக் கட்டிக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையில் எதையோ தேட டார்ச் அடித்ததற்கு ஒருவர் கத்திவிட்டார். மறுபடியும் போகலாமா?
(வாசகி, இந்திராநகர்)

பதில்: அவர் கத்தியது தவறு, கோபம் வந்தது இயல்பு. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. வெள்ளை வெளிச்சம் ஒருமுறை பட்டால் அந்தப் பழக்கம் கலைந்து, மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான சிவப்பு ஒளி விழித்திரையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். கைபேசித் திரைக்கும் இதே ஏற்பாடு வேண்டும். வண்டியை வெளியே போகும் திசை நோக்கி முன்கூட்டியே திருப்பி நிறுத்திவிட்டால், நள்ளிரவில் கிளம்பும்போது முகப்பு விளக்கு யாருடைய படத்திலும் பாயாது.

பேசவில்லை என்ற மனக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். பொழுது சாய்ந்த முதல் ஒன்றரை மணி நேரம் ஃபோகஸ் பிடிப்பதிலும் கேபிள் மாட்டுவதிலும் போய்விடும். அப்போது யாரிடம் பேசினாலும் அரைகுறையான பதில்தான் வரும். ஆகவே சூரியன் மறையும் முன்பே போய்ச் சேர்ந்து, வெளிச்சத்திலேயே எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கேமரா தானாகப் படங்களை எடுக்கத் தொடங்கியபின் அதன் உரிமையாளருக்குச் செய்ய ஒன்றுமே இருப்பதில்லை. புளியோதரைப் பொட்டலமும் பிளாஸ்க் காப்பியும் வெளியே வருவது அப்போதுதான். தெரியாததைக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எண்ணெய்க் கையோடு லென்ஸ் பக்கம் போகாமல், அனுமதி கேட்டுத் தொலைநோக்கியில் பார்த்தால், பெரும்பாலோர் மகிழ்ந்து காட்டுவார்கள். கருவியின் விலையை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து.

அடுத்த முறை போகும் முன், அந்த இடத்துக்கு முறையான அனுமதி உண்டா, கழிப்பறை உண்டா, வேறு பெண்கள் வருகிறார்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத குழுவோடு போக வேண்டியதில்லை.

கேள்வி: ஓரையன் நெபுலா என்னும் வாயு மேகத்தைத் தொலைநோக்கியில் பார்த்தபோது சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்தது. அதையே நண்பர் இளஞ்சிவப்பாகப் படமெடுத்து அனுப்பினார். நிறத்தைக் கணினியில் பூசுகிறார்களா?
(வாசகர், ஜெயநகர்)

பதில்: பூசவில்லை. மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை. வெளிச்சத்தை மட்டும் உணரும் செல்களே பார்க்கின்றன. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்ப்பதால், ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பு அதில் பதிகிறது. உண்மையில் கடையில் வாங்கும் கேமராவின் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நிறத்தின் அளவைக் கூட்டுவது எடுப்பவரின் ரசனை. சிலர் அளவுக்கு மீறிக் கூட்டுகிறார்கள் என்பதும் உண்மை.

கேள்வி: படமெடுக்க நகரின் எந்தப் பக்கம் போவது? மொட்டை மாடியில் ஒன்றும் முடியாதா?
(வாசகர், விவேக்நகர்)

பதில்: எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நகரத்துக்குத் தெற்கே சென்றால் வடவானம் விளக்கொளியில் வெளுத்திருக்கும், தென்வானம் இருண்டிருக்கும். பால்வீதியின் மையம் தெற்கே எழுவது என்பதால், அதற்கு நகரின் தெற்கே செல்லும் கனகபுரா சாலைப் பக்கமே ஏற்றது. பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலையிலும், மே மாதத்தில் நள்ளிரவை ஒட்டியும் பார்க்கலாம். ஆண்ட்ரோமெடா விண்மீன்திரள் வடவானத்தில் இருப்பதால், அதற்கு நகரின் வடக்கே செல்லுங்கள்.

மொட்டை மாடியில் நிலவும் கோள்களும் நன்றாகவே அகப்படும். முழுநிலவுக்கு லென்சின் திறப்பு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, நூறில் ஒரு விநாடி வைத்துத் தொடங்குங்கள். வியாழனையும் சனியையும் தொலைநோக்கி வழியாக வீடியோவாக எடுத்து, காற்று அசையாத கணங்களில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி அடுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தெருவிளக்கு பெரிய இடையூறு இல்லை; வெயிலில் காய்ந்த பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து எழும் சூடான காற்றுதான் இடையூறு, ஆகவே இரவு 10 மணிக்குமேல் தொடங்குங்கள்.