மா பூத்திருக்கும்போது மருந்து அடித்தால் காய்ப்பு குறையுமா?

கிருஷ்ணகிரியில் பெங்களூரா ரக மாந்தோப்பு வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். குறையலாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும்தான். காலை வெயில் ஏறும்போது ஒரு பூங்கொத்தின் அருகே நின்று பாருங்கள்: வீட்டு ஈ, பச்சை ஈ, கொசுத்தேனீ என்று மொய்க்கும். பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து இவற்றையும் கொல்லும். தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் விடாது. அதனால் அடுத்த முறை பூச்சி இன்னும் பெருகலாம், நாமும் இன்னொரு முறை அடிப்போம்.

அப்புறம் வரப்பு. தும்பையும் புங்கமரமும் வேலிப்புதரும் இருந்தால்தான் மா பூக்காத மாதங்களில் தேனீ பிழைக்கும். அதையெல்லாம் பொக்லைன் வைத்து வழித்துவிட்டால் பூக்கும் நேரத்தில் அது எங்கிருந்து வரும்?

மருந்து தவிர்க்கவே முடியாது என்றால் மொட்டு விரியும் முன்பே அடியுங்கள். பூ மலர்ந்தபின் வேண்டவே வேண்டாம்.