கிழவன் சேதுபதி வீட்டுப் பெண்கள்: நாவல் பற்றிச் சில கேள்விகள்

நம் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்த நாவல், இராமநாதபுரம் சீமையை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதியின் குடும்பத்தைப் பற்றியது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் சேசு சபைப் பாதிரியார் அருளானந்தரின் தலையை வெட்ட வைத்தவர் என்றே பலருக்கும் அவரைத் தெரியும். பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள்.

டீச்சர், குடும்பக் கதைன்னு வாங்கினேன். பாதிப் புத்தகம் சிறையும் விசாரணையுமா போகுதே? (தொண்டி)

என் வருத்தமும் அதுதான். தடியத்தேவர் அரச குடும்பத்தவர், அரியணைக்கு உரிமை உள்ளவர். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒரே மனைவியோடுதான் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவரும் மற்ற மனைவியரை விலக்கினார். அதில் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள்; அதனால்தான் அருளானந்தர் சிறைப்பட்டார். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? விலக்கப்பட்டவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், பிள்ளைகள் யாரோடு போனார்கள், சீரும் நகையும் என்னாயின, வீட்டில் தங்கிய அந்த ஒருத்தி மற்றவர்கள் முகத்தில் எப்படி விழித்தாள்? இத்தனைக்கும் சேர்த்து ஆசிரியர் ஒதுக்கியது இரண்டே பக்கம்.

முறையிட்ட அந்த மனைவி பொறாமைக்காரி என்பது உண்மையா? (கீழக்கரை)

நமக்குக் கிடைப்பதெல்லாம் பாதிரியார்கள் தரப்பில் எழுதியவை. அவள் தரப்பில் ஒரு வரிகூட இல்லை. முறைப்படி கட்டிக்கொண்டு வந்தவளை, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லாமல் அனுப்பினால் ஆத்திரம் வராதா? ஏடுகள் வாய் திறக்காத இடத்தில் நாவலாசிரியர் அவளைப் பேச விட்டிருக்கலாம். பழைய வசையையே திரும்ப எழுதிவிட்டார்.

ஓரியூர் மண்ணை நெற்றியில் பூசுகிறவர்கள் நாங்கள். சேதுபதி வீட்டு மேல் உங்களுக்கு ஏன் பரிவு? (திருவாடானை)

அருளானந்தர் பட்ட பாட்டில் ஒரு துளியும் நான் குறைக்கவில்லை, ஐயா. மன்னர் செய்தது கொலை. அரியணைக்குப் போட்டியாக வரக்கூடிய தடியத்தேவர் பின்னால் புதிதாக ஒரு கூட்டம் சேருகிறதே என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும். அந்தப் பயம் நாவலில் இருந்திருந்தால் உங்கள் அருளானந்தரின் துணிவும் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்போ ராஜா கொடூரர் மட்டும்தானா? (பாம்பன்)

இல்லை. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். 1702-ல் ராணி மங்கம்மாளின் படையைத் தோற்கடித்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கு நெருங்கியவர்.

கடைசி அத்தியாயம் நல்லாத்தானே இருந்தது? (தேவிபட்டினம்)

எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். 1710-ல் மன்னர் இறந்தபோது மனைவியர் 47 பேர் தீயில் இறங்கியதாக சேசு சபைக் கடிதம் சொல்கிறது. நாவலில் மேளம், புகை, சந்தன வாசம் எல்லாம் இருக்கிறது, ஒரு பெண்ணின் பெயர் இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டின் மகள், ஒருவனின் தங்கை. சேதுபதி காதலி நாச்சியாரை மணந்ததால்தான் நாச்சியாரின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமை கிடைத்தது. நாட்டையே பங்குபோட வைத்த கல்யாணம் அது. புத்தகத்தில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை.

இரண்டாம் பாகம் வந்தால் படிப்பீர்களா? (மண்டபம்)

படிப்பேன். பவானி சங்கரன் கிழவன் சேதுபதியின் மகன்தான். ஆனால் தாய் முறைப்படி மணந்தவள் இல்லை என்பதால் 1710-ல் அரியணை விஜயரகுநாத சேதுபதிக்குப் போனது. ஆசிரியரை யாராவது சந்தித்தால், அந்தத் தாயிடமிருந்து கதையைத் தொடங்கச் சொல்லுங்கள்.